உண்ணிப் புதரை வேரோடு எடுக்க: பழைய பக்கெட்டை ரேக் பக்கெட்டாக மாற்றுவது எப்படி?

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் சில வருஷம் கவனிக்காமல் விட்ட தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் செடி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தலைக்கு மேல் உண்ணிச்செடி (லான்டானா) மூடி, அதன் கீழே பெரணியும் முள்ளும் பின்னிக் கிடக்கும். வெட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் பலரும் ஜேசிபியை வாடகைக்கு எடுத்து இறக்கிவிடுகிறார்கள்.

அங்கேதான் கேடு வருகிறது. சாதாரண பக்கெட் மண் அள்ளுவதற்கென்றே செய்தது. அதை வைத்துப் புதரை எடுத்தால் செடியோடு மேல்மண்ணும் ஒரு சாண் ஆழத்துக்கு வழித்துக்கொண்டு வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் மாவட்டத்தின் பல இடங்களில் நிலம் சரிந்தது. இப்படி மழை பெய்யும் சரிவில் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டால் அடுத்த பருவத்தில் தோட்டமே ஓடைக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது வேர் மட்டும். மண் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தேய்ந்துபோன ஒரு பழைய பக்கெட்டின் அடித்தகட்டை எடுத்துவிட்டுச் சீப்பு மாதிரி பற்கள் வைத்தால் அது முடியும். அதுதான் ரேக் பக்கெட்.

வண்டி ஏறும் முன்

நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஜேசிபி, பொக்லைன் இயக்கக் கூடாது. சொந்தப் பட்டா நிலத்துக்கும் இது பொருந்தும். முதலில் தாலுகா அலுவலகத்தில் கேட்டு, முறையாக மனு கொடுங்கள். மரத்தில் கை வைப்பதானால் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். கூடலூரில் நில வகையைப் பொறுத்து இன்னும் சிக்கல் உண்டு. அனுமதி கைக்கு வந்த பிறகு வெல்டிங் பட்டறைக்குப் போனால் போதும்.

சீகை (வாட்டில்) மரம் நிற்கும் இடத்தை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறினால் கம்பளம் விரித்த மாதிரி முளைத்துவிடும். ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூ பூக்கும் முள் புதரான கோர்ஸும் அப்படித்தான். இந்த ரேக் உண்ணிச்செடிக்கு ஏற்றது.

எந்த பக்கெட்

உங்கள் வண்டியின் ஆர்மில் (பக்கெட் மாட்டும் கையில்) பொருந்தக்கூடிய, மாட்டும் காதுகளும் பின் (இணைப்பு ஆணி) ஓட்டைகளும் நல்ல நிலையில் இருக்கிற பழைய பக்கெட்டாக வாங்குங்கள். அடித்தகடு தேய்ந்திருந்தால் பரவாயில்லை, அதை எப்படியும் வெட்டப் போகிறோம். காது விரிசல் விட்டிருந்தால் மட்டும் வேண்டாம். புதரில் இழுக்கும்போது முழுச் சுமையும் அங்கேதான் ஏறும்.

ஜேசிபி மாதிரி வண்டி ஏழெட்டு டன் எடை. குறுகலான தோட்டப் பாதைக்கு மூன்று டன் அளவிலான, சங்கிலிச் சக்கரம் உள்ள மினி பொக்லைன் கிடைத்தால் அதையே எடுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் பாதை உடையாது.

பற்களுக்கு இரும்பு

இதில் அவசரம் கூடாது. பட்டறைகளில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் காட்டி “இதைவிட உறுதியா எதுவும் கிடையாதுண்ணே” என்பார்கள். ஸ்பிரிங் பட்டை உறுதிதான். ஆனால் அதில் கார்பன் அதிகம் என்பதால், வெல்டிங் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஆறும்போதே கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். முதல் வேரை இழுக்கும்போது பல் முழுசாகக் கழன்று வரும். ஐஎஸ் 2062 வகையில் இ350 தரத் தகடு கேளுங்கள். வெல்டிங்குக்கு இணங்கும், நல்ல பலமும் உண்டு. 25 மில்லிமீட்டர் கனம் போதும்.

நேர்க்கம்பியை வளைத்துப் பல் செய்ய வேண்டாம். முதலில் கெட்டி அட்டையை பக்கெட்டின் பக்கத் தகட்டில் வைத்து, அடிப்பக்க வளைவை அப்படியே வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டைதான் அளவு. அதன்படி தகட்டிலிருந்து வளைவோடு வெட்டி எடுத்தால், தகடு நெட்டுக்குத்தாக நின்று சுமை தாங்கும். மேலே, காதுகள் நிற்கும் பெட்டிப் பகுதியோடு சேரும் இடத்தில் 12 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். நுனிக்கு வரவரக் குறைந்துகொண்டே போகலாம்.

60 சென்டிமீட்டர் அகல பக்கெட்டுக்கு ஐந்து பற்கள், நடுவில் சுமார் 12 சென்டிமீட்டர் இடைவெளி: கணக்கு சரியாக வரும். இதைவிட நெருக்கினால் ஈர மண் உதிராமல் அடைத்துக்கொள்ளும். அகட்டினால் சின்ன வேர் நழுவிவிடும். நுனியைப் பழைய பக்கெட் வாயைவிட ரொம்ப நீட்டவும் வேண்டாம். நீளம் கூடக்கூட காதுக்கும் சிலிண்டருக்கும் வரும் அழுத்தம் ஏறும், வண்டியின் பிடுங்கும் பலம் குறையும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பக்கெட்டை வண்டியிலிருந்து கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். மரக்கட்டைமேல் இறக்கி வைத்து, இன்ஜினை நிறுத்தி, லீவரை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விட்ட பிறகு பின்னைத் தட்டுங்கள். இந்தப் பின் கடினப்படுத்திய இரும்பு. நேராகச் சுத்தியலால் அடித்தால் சில்லு தெறிக்கும். நடுவில் பித்தளைத் துண்டு வைத்து அடியுங்கள், கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

பக்கத் தகடு, காது, மேல் பெட்டிப் பகுதி இந்த மூன்றையும் தொடாமல், அடித்தகட்டையும் வாய்த்தகட்டையும் கேஸ் கட்டரால் வெட்டி எடுங்கள். ஓரத்துப் பல் இரண்டும் பக்கத் தகட்டோடு ஒட்டி உட்காரும். மீதி மூன்றும் மேல் பெட்டியில் ஏறும். ஐந்தையும் இணைக்க ஒரு கெட்டிப் பட்டையைப் பற்களின் முதுகுப் பக்கம் குறுக்கே வையுங்கள். உள்பக்கம் வைத்தால் கொடி சுற்றிக்கொள்ளும்.

வெல்டிங் ராடு 7018 எண்ணாக இருக்கட்டும். இது ஈரத்தை உறிஞ்சும் ராடு. ஊட்டி, குன்னூர் மூடுபனியில் திறந்து வைத்த பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டால் அந்த ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் போய், ஒருநாள் கழித்துக்கூட விரிசல் விடும். ஓவனில் காயவைத்த ராடாக இருக்க வேண்டும். பட்டறையில் ஓவன் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் செய்துகொண்டு மேலே ஏற்றுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். ஒட்டும் இடத்தில் துரு, பெயின்ட், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. ஒட்டுமுன் சூடு காட்டுங்கள். பிறகு காற்று படாமல் காய்ந்த மணலால் மூடி மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் பழக்கம் உள்ள பட்டறையென்றால் பக்கத்திலேயே நின்று தடுங்கள்.

தோட்டத்தில் பல் விட்டுப்போய் வண்டியிலேயே ஒட்டியாக வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை ஒட்டும் பல்லிலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் மின்சாரம் பின், புஷ், சிலிண்டர் வழியாகப் போய் அவற்றைக் கெடுக்கும்.

மாட்டியதும் முதல் வேலை: இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பக்கெட்டை முழுசாக உள்ளே சுருட்டிப் பாருங்கள். எந்தப் பல்லும் ஆர்மில் இடிக்கக் கூடாது. பிறகு ஆர்மை மடக்கி, அதைத் தாங்கும் மேல் கையான பூமில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடித்தால் நுனியை வெட்டிக் குறையுங்கள். அப்புறம் கிரீஸ் அடியுங்கள்.

தோட்டத்தில் இறக்கும்போது

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருந்தாலும் சேறாக இருக்காது. வேர் அறுபடாமல் வரும்.

வேலைக்கு முன் காலையில் தோட்டத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். உண்ணிப் புதருக்குள் கரடி, சிறுத்தை, காட்டெருமை படுத்திருக்கலாம். வண்டியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் காட்டை நோக்கி வழி திறந்திருக்கும்படி விடுங்கள். புதருக்குள் முளைத்திருக்கும் சோலைக்காட்டு மரக் கன்றுகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஓடைக்கரையை வண்டி தொடவே கூடாது, அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சரிவில் வண்டியைக் குறுக்கே ஓட்டக் கூடாது. இருக்கிற தோட்டப் பாதையில் நிறுத்தி, ஆர்ம் எட்டும் தூரம்வரை மட்டும் எடுப்பது நல்லது. புதிதாகப் பாதை வெட்டாதீர்கள்.

ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: “தம்பி, மண்ணை அள்ளாதே, தூரை மட்டும் தூக்கு.” மண் அள்ளிப் பழகிய கைக்கு இது புதுசு. செடியின் தூருக்குப் பின்னால் பற்களை ஒரு கையளவு ஆழத்துக்கு இறக்கி, இழுக்காமல் சுருட்டினால் தூர் மேலே வரும். பிறகு இரண்டு முறை லேசாகக் குலுக்கினால் மண் அங்கேயே உதிரும். உண்ணி மறுபடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் அந்தக் கழுத்துப் பகுதியிலிருந்துதான். அதனால் மேலே உடைத்துப் போடுவதில் பயனில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர்.பாபு தலைமையில் உருவான முறையும் இதைத்தான் சொல்கிறது: கழுத்துக்குக் கீழே அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். ரேக்கில் எடுத்ததையும் அப்படியே வேர் வானத்தைப் பார்க்கும்படி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்குங்கள். மழைத் தண்ணீரின் வேகத்தையும் அது குறைக்கும். கொளுத்தவே கொளுத்தாதீர்கள், கோடை நெருங்கும் நேரத்தில் அது காட்டுக்குள் போனால் நம் கையில் இல்லை.

ஒரே வருஷத்தில் முழுச் சரிவையும் மொட்டையாக்க வேண்டாம். நடுநடுவே இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புதர்ப் பட்டையை விட்டுவிட்டு, அடுத்த வருஷம் எடுங்கள்.

மதியம் ஒருமுறை வண்டியை நிறுத்தி ரேடியேட்டரிலும் சைலன்சர் பக்கத்திலும் சேர்ந்த சருகைத் தட்டுங்கள். தீயணைப்பு உருளை கேபினில் இருக்கட்டும். ஹைட்ராலிக் ஹோஸ் மேல் பழைய ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினால் முள்தண்டு உரசிக் கிழிக்காது.

எடுத்த பிறகு

வெறும் மண்ணை ஒரு மழைக்குக்கூட விடாதீர்கள். தேயிலை மறுநடவு செய்யும் எஸ்டேட்டுகள் மண்ணைத் தேற்ற கௌதமாலா புல் போடுவது பழைய வழக்கம், அதையே போடலாம். உறைபனி விழாத சரிவில் குறுக்கு வரிசையாக வெட்டிவேரும் நடலாம்.

உண்ணிப் பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவி அடுத்த தோட்டத்து விதையை இங்கே போட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு மழைப் பருவமும் முடிந்ததும் களைக்கொத்தோடு ஒரு சுற்று வாருங்கள். கன்று முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கும்போது கையோடு வந்துவிடும், அதற்கு வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை. மூன்று வருஷம் இதை விடாமல் செய்யுங்கள்.