மண் குதிரையைச் சிமெண்டில் செய்யாதீர்கள்: மரபு காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அய்யனார் கோயில் வாசலில் மண் குதிரைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புதுக் குதிரை பளிச்சென்று நிற்கும். பின்னால் காது போனதும் கால் உடைந்ததுமாகப் பழையவை கிடக்கும். அதைப் பார்த்து மனசு கேட்காமல், "அடுத்த தடவை சிமெண்டில் செய்துவிடலாம், நூறு வருஷம் நிற்கும்" என்று ஊர்க் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பெரிய தவறு.

மண் குதிரை உடைவதால்தான் புதுக் குதிரை தேவைப்படுகிறது. ஊர் கூடி, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுக்கும்; குதிரை செய்யச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பிடி மண் அது. அவர் கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நான்கு கால்களையும் உள்ளே கூடாக வனைந்து நிறுத்துவார். கால் காய்ந்து இறுகிய பிறகுதான் உடம்பு ஏறும், கடைசியில் தலை. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிளந்துவிடும். அப்புறம் சூளை, வண்ணம், கண் திறப்பு, குதிரையைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு. சிமெண்ட் குதிரை வந்துவிட்டால் பிடிமண் கொடுக்கும் வேலையே இல்லை. கால் எப்போது இறுகியது என்று தொட்டுச் சொல்லும் பக்குவம் வேளார் பிள்ளையின் கைக்கு எப்படி வரும்? ஊர் உதவ நினைத்தால், கண்மாயில் மண் எடுக்க தாசில்தார் அனுமதி வாங்கிக் கொடுக்கலாம், கூலியில் பாதியை முன்பணமாகத் தரலாம்.

சரி, எதையுமே மாற்றக் கூடாதா? அப்படிப் பிடிவாதம் பிடிப்பதும் தவறுதான். நம் சித்திரைத் திருவிழாவே மாறி வந்ததுதான். மதுரைக்குப் பக்கத்துத் தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரைக்கு வரவழைத்து, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர். மாற்றிய பிறகும் பழைய ஊரை மறக்கவில்லை. சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு அழகர் சாப விமோசனம் தரும் இடத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அதே திருவிழாவில் பக்தர்கள் அழகர் மேல் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுவதை விட்டு பிரஷர் பம்பைத் தூக்கி வருவது வேறு மாதிரி மாற்றம். தோல்பைத் தண்ணீர் கை அழுத்தும் அளவுக்குத்தான் வரும். பம்புத் தண்ணீர் சாமி மேலும் பட்டர்கள் மேலும் அறைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பறை அடிப்பவர் சாவு வீட்டுக்கு வர மறுத்தால் "மரபு போச்சே" என்று புலம்பாதீர்கள். ஒரு சாதியின் தலையில் கட்டிய கட்டாயம் மரபு ஆகாது, அது போகட்டும். ஆனால் பறையின் தாள அடிகள் போக வேண்டியதில்லை. இன்று பெண்கள் பறை கற்கிறார்கள், மேடை ஏறுகிறார்கள், மனசு நிறைகிறது. ஆனால் விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டு, விருந்தினர் வரும் வரை வாசலில் பத்து நிமிடம் அடிக்க வைத்து அனுப்பிவிடாதீர்கள். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள். மேடையில் பெயர் சொல்லி அழையுங்கள். இன்னிசைக் குழுவுக்குத் தருகிற சம்பளத்தையே அவர்களுக்கும் கொடுங்கள்.