ஒட்டுக்கட்டும் பயிற்சியைக் காணொளிக்கு மாற்றும் முறை

கிருஷ்ணகிரி மா விவசாயிகளுக்கு ஒரே அறையில் மூன்று மணி நேரம் நடத்திய ஒட்டுக்கட்டும் பயிற்சியை அப்படியே காணொளி அழைப்பில் நடத்த முயலாதீர்கள். 45 நிமிட அமர்வுகளாகப் பிரித்துச் சில நாட்களில் நடத்துங்கள். விளக்கவுரையை முன்கூட்டியே பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், நேரலை முழுவதும் செய்முறைக்கும் கேள்விகளுக்கும் கிடைக்கும்.

கேமரா உங்கள் முகத்தைவிடக் கைகளையே காட்ட வேண்டும். கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி மேலிருந்து கீழ்நோக்கி வையுங்கள். ஒட்டுக்குச்சியின் (நல்ல ரக மரத்திலிருந்து வெட்டிய குச்சியின்) அடியை ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) பிளவில் செருகி, பட்டையோடு பட்டை பொருந்துவதைக் காட்டி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டும்வரை கை மெதுவாக நகரட்டும். பிறகு ஒவ்வொருவரும் தாம் கட்டியதைக் கேமராவுக்கு அருகில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதற்கான நேரத்தை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது.

“எல்லோருக்கும் புரிந்ததா?” என்று பொதுவாகக் கேட்டால் அமைதியே பதிலாக வரும். பெயர் சொல்லி அழைத்து, “அண்ணா, நீங்கள் கட்டிய ஒட்டில் இடைவெளி தெரிகிறதா, பாருங்கள்” என்று கேளுங்கள். 20 பேருக்கு மேல் இருந்தால் அழைப்புக்குள்ளேயே சிறு குழு அறைகளாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் அனுபவசாலியை அமர்த்துங்கள்.

அஞ்செட்டி போன்ற மலைப்பகுதியில் சிக்னல் விட்டுப்போகிறவர்கள், தாம் கட்டிய ஒட்டைப் படமெடுத்து அனுப்பினால், அன்று மாலையே தொலைபேசியில் திருத்தம் சொல்லிவிடுங்கள்.