பயிற்றுநரின் முழங்கை மடங்கினால்: முதலுதவி, சி.பி.ஆர். கற்றுக்கொடுக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஊழியர்களுக்கு சி.பி.ஆர். (இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி உயிரைக் காக்கும் முதலுதவி) வகுப்பு எடுத்தேன். பரோட்டா மாஸ்டர்தான் முதல் ஆளாக வந்து பயிற்சிப் பொம்மை முன் மண்டியிட்டார். கை வைத்த இடம் சரி, வேகமும் சரி. ஆனால் முழங்கை மடங்கி மடங்கி நிமிர்ந்தது. பொம்மையின் மார்பு பாதிகூட இறங்கவில்லை. ஆழம் சரியாக இருந்தால் உள்ளிருந்து வர வேண்டிய 'டிக்' சத்தமும் வரவில்லை. அடுத்து வந்த நான்கு பேரும் அதே மாதிரிதான் செய்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்துகாட்டும்போது பேசிக்கொண்டே லேசாக அழுத்தியது நான். மடங்கியது என் முழங்கை. அவர்கள் என்னைப் பார்த்துதான் செய்திருக்கிறார்கள்.

"மாஸ்டர், மாவு பிசையும்போது உடம்பு எடையைக் கையில இறக்குவீங்கல்ல, அதே எடைதான். ஆனா முழங்கையை மடக்காம, தோள் நேரா கைக்கு மேல வரட்டும்" என்றேன். மூன்றாவது அழுத்தத்திலேயே சத்தம் வந்தது.

பயிற்றுநராக வர நினைப்பவர்களிடம் முதலில் நான் சொல்வது இதைத்தான். முதலுதவி செய்பவரின் தவறு ஒரு உயிரைப் பாதிக்கும். பயிற்றுநரின் தவறு ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது பேர் கையில் ஏறி ஊருக்குள் போய்விடும். மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே எழும்ப விடுவது. இதெல்லாம் வாயில் இருந்தால் போதாது. வகுப்புக்கு முந்தின நாள் நீங்களே பொம்மையில் இரண்டு நிமிடம் விடாமல் செய்து பாருங்கள். யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நம் உடம்பு என்ன செய்கிறது என்பது நமக்கே அப்போதுதான் தெரியும்.

அடுத்த தவறு சான்றிதழில் ஆரம்பிக்கிறது. சி.பி.ஆர். தெரியும் என்ற அட்டை வேறு, கற்றுக்கொடுக்கலாம் என்ற அட்டை வேறு. உதாரணமாக, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் முறையில் முதலில் செல்லுபடியாகும் அடிப்படை அட்டை இருக்க வேண்டும், பிறகு பயிற்றுநர் படிப்பு, ஒரு பயிற்சி மையத்தோடு இணைப்பு, மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க ஒரு வகுப்பு. அதற்குப் பிறகுதான் அட்டை கைக்கு வரும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான். இந்திய செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் தனித்தனி வழிமுறை உண்டு. பொம்மையையே தொடாமல், வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேர வீடியோ பார்த்து 'பயிற்றுநர் சான்றிதழ்' வாங்கப் பணம் கட்டாதீர்கள். கற்றுக்கொடுக்கும் கையை யாராவது நேரில் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். தமிழில் வகுப்பு எடுப்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. மாரடைப்பு என்ற சொல்லை நாம் இரண்டு விஷயத்துக்கும் சொல்லிவிடுகிறோம். ரத்தக்குழாய் அடைத்து நெஞ்சு வலிப்பவர் விழித்திருப்பார், பேசுவார், வியர்த்துக் கொட்டும். அவருக்குத் தேவை 108-ம் ஆஸ்பத்திரியும்தான், நெஞ்சில் அழுத்தம் தேவையில்லை. இதயம் திடீரென நின்றுபோனவர் கூப்பிட்டாலும் தட்டினாலும் அசைய மாட்டார், அவருக்குத்தான் சி.பி.ஆர். "மாரடைப்பு வந்தால் நெஞ்சை அழுத்துங்கள்" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் படுக்கவைத்து அழுத்த ஆள் கிளம்பிவிடும். 'இதயம் நின்றுபோதல்' என்று தனியாகச் சொல்லிப் பழகுங்கள்.

'மயக்கம்' இதைவிடக் குழப்பம். தலைசுற்றலும் மயக்கம், பசியில் கண் இருட்டுவதும் மயக்கம், நினைவே இல்லாமல் கிடப்பதும் மயக்கம். அதனால் நான் அந்தச் சொல்லையே தவிர்க்கிறேன். "தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிட்டும் பதில் இல்லை" என்றுதான் சொல்வேன். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு வாய் திறந்து திறந்து மூடும், எப்போதாவது ஒரு மூச்சு 'ஹக்' என்று இழுக்கும். அது மூச்சே அல்ல. ஆனால் சுற்றி நிற்பவர்கள் "இழுப்பு வந்திருக்கு", "மூச்சு வாங்குது, உசுரு இருக்கு" என்று ஒதுங்கி நிற்பார்கள். இழுப்பு என்றால் நம் ஊரில் ஆஸ்துமாவும்தான், வலிப்பும்தான். அந்த மூச்சை நானே வகுப்பில் செய்துகாட்டுவேன். கூச்சப்படாமல் செய்துகாட்டுங்கள். சொல்லிப் புரியவைக்க முடியாது.

எண்ணிக்கையிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 110 என்றால் ஒரு அழுத்தத்துக்கு அரை வினாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" அதற்குள் அடங்கும். "இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு" அடங்காது. வாய் இழுக்க இழுக்கக் கையும் மெதுவாகும். நான் பார்த்தவரை பதினொன்றுக்கு மேல் எல்லோருக்கும் வேகம் விழுகிறது. பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்லுங்கள், தீர்ந்தது. செல்போனில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை 110-ல் ஓடவிட்டால் இன்னும் நல்லது.

சரி, பொம்மைக் கணக்கு. நாற்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வகுப்பு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே எண்பது நிமிடம். அதில் முப்பத்தொன்பது பேர் சும்மா நிற்பார்கள். மூன்று பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொண்டால் ஒருவர் அழுத்த, ஒருவர் எண்ண, ஒருவர் 108-க்குப் பேசிப் பழகலாம். அந்தப் போன் பேச்சையும் பழக்க வேண்டும். பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கத்திவிட்டு, எந்தத் தெரு என்று சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள்.

பொம்மையை மேஜை மேல் வைப்பதும் தவறு. சேலை கட்டிய பெண்களுக்கு வசதி என்று ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் வைத்தேன். ஆனால் ஆள் விழப்போவது தரையில். முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணாடி வளையலைக் கழற்றி, மண்டியிட்டுத்தான் பழக வேண்டும். அதற்கு ஒரு பாய் போதும். அதேபோல, விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் கை வைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை வகுப்பிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கை வைக்கும் இடம் இருவருக்கும் ஒன்றுதான், மார்பெலும்பின் மேல்.

எல்லா ஊருக்கும் ஒரே பாடத்தைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். அழுத்தம் மட்டும் கொடுக்கும் முறை பொதுமக்களுக்கு எளிது, மதுரை டவுனுக்குள் கடைக்காரர்களுக்கு அது போதும். ஆனால் மேலூர்ப் பக்கம் கண்மாயும் கிணறும் உள்ள கிராமத்தில், நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். அவருக்குக் குறைந்தது காற்று. பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் நேரத்தைத் தின்னும். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் என்று போனால் கொம்புக் குத்தைப் பேசாமல் வரக் கூடாது. ரத்தம் வரும் இடத்தில் துணி வைத்து விடாமல் அழுத்துவது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது.

மக்களின் பழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுக்கும் பாட்டியிடம் "இது மூடநம்பிக்கை" என்று சொன்னால் அந்த நிமிடமே அவர் காதை மூடிக்கொள்வார். நான் இப்படிச் சொல்வேன்: "அம்மா, வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்துல தானா நின்னுரும். சாவி இருந்தாலும் நிக்கும், இல்லாட்டியும் நிக்கும். அந்த நேரத்துல தலைக்குக் கீழ துணி வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108." ஏன் அந்தப் பழக்கம் பலிப்பது போலத் தெரிந்தது என்று விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுவது, தீக்காயத்தில் பற்பசை தடவுவது எல்லாவற்றுக்கும் இதே அணுகுமுறைதான்.

"போலீஸ் கேஸ் ஆயிருமே" என்ற கேள்வி நிச்சயம் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருங்கள்.

படித்ததோடு நிறுத்திவிடவும் கூடாது. 2005-ல்தான் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு (15:2) என்ற கணக்கு 30:2 ஆனது. 2010-ல் மூச்சுக்கு முன் அழுத்தம் என்று வரிசை மாறியது. 2025-ல் வந்த அமெரிக்க நெறிமுறையில், தொண்டையில் அடைத்துக்கொண்ட பெரியவருக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அழுத்தும் முறையையும் விட்டுவிட்டார்கள். பழைய சிலைடையே இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கடைசியாகக் கையெழுத்து. கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள், கம்பெனிகளிலும் கேட்கிறார்கள். அதனால் சான்றிதழுக்காக மட்டுமே வருபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. ஒரு நிறுவனத்தில் வகுப்புக்கே வராத ஆறு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தேன். அந்த வகுப்புக்கான பணம் வர மூன்று மாதம் ஆனது. இப்போதெல்லாம் பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: பொம்மையில் இரண்டு நிமிடம் சரியாகச் செய்தவருக்குத்தான் சான்றிதழ். செய்ய முடியாதவரை அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறேன், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. போன மாதம் அப்படி வந்த ஒரு தம்பி, நான் கதவைத் திறப்பதற்கு முன்பே பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.