அக்கா மகளுக்குச் செல்வமகள் கணக்கு: தொடங்குவது முதல் பணம் கட்டுவது வரை

காதுகுத்துக்குத் தோடு வாங்குகிற தாய்மாமன்கள் இப்போது அஞ்சலகத்துக்கும் போகிறார்கள். ஆனால் பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டமான செல்வமகள் கணக்கை மாமனோ, சித்தியோ, தாத்தாவோ தொடங்க முடியாது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் தொடங்க வேண்டும். தொடங்கியபின் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம்.

1. குழந்தைக்குப் 10 வயது நிறைவதற்குள் அக்காவையோ அத்தானையோ அஞ்சலகத்துக்கு அழைத்துப் போங்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பான், புகைப்படம் தேவை. முதல் தடங்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும்: சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

2. தொடங்கக் குறைந்தது 250 ரூபாய். அதன்பின் 50-இன் மடங்குகளில் கட்டலாம். ஒரு நிதியாண்டில் எல்லோரும் கட்டுவது சேர்த்து 1,50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. தாண்டியதற்கு வட்டி கிடையாது. பாட்டி ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம் என்று கட்டும் வீடுகளில் யாராவது ஒருவர் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

3. தேதிதான் முக்கியம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி. 1,50,000 ரூபாயை ஏப்ரல் 5-இல் கட்டாமல் 6-இல் கட்டினால், 8.2 சதவீத வட்டியில் 1,025 ரூபாய் போய்விடும். கட்டியதும் பாஸ்புக்கில் தேதியும் தொகையும் பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

4. பணம் கட்டுவது 15 ஆண்டுகள், முதிர்வு 21 ஆண்டுகள். இரண்டும் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுபவை. பெண்ணுக்கு 21 வயதானால் பணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 9 வயதில் தொடங்கினால் முதிர்வு 30-இல்தான். படிப்புச் செலவுக்கு 18 வயதானதும், அல்லது பத்தாம் வகுப்புத் தேறியதும், முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 15 ஆண்டில் 1,80,000. வட்டி 8.2 சதவீதமாகவே நீடித்தால் முதிர்வில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பதால் இது மாறும்.

ஒரு வருடம் கட்டத் தவறினால் பயப்பட வேண்டாம். தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 250-உடன் 50 ரூபாய் அபராதம் கட்டினால் கணக்கு மீண்டும் உயிர்பெறும்.