வளரும் வீரரா, பழைய சாம்பியனா: கிராண்ட் ஸ்லாமுக்கு முன் கணக்குப் போடுவது எப்படி

கிராண்ட் ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று, நெருங்குகிறது. "இளம் ஃபொன்சேகா இந்தத் தடவை பழைய சாம்பியன் ஜோகோவிச்சைச் சாய்த்துவிடுவார்" என்று ஒருவர் சொல்கிறார். "அந்தப் பையனா கோப்பையைத் தூக்கப் போகிறான்?" என்று எதிரில் இருப்பவர் சிரிக்கிறார். இருவரும் பேசுவது இரண்டு வெவ்வேறு விஷயங்கள். ஒரு ஆட்டத்தை வெல்வது வேறு, இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டங்களை வரிசையாக வெல்வது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

ஏழு ஆட்டம் என்பது எவ்வளவு கடினம் என்று ஒரு சின்னப் பெருக்கலில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவருக்கு 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழையும் வெல்லும் வாய்ப்பு 21 சதவீதம்தான். 70 என்றால் 8 சதவீதம். 90 என்றால்கூட 48. உங்கள் அபிமான வீரருக்கு "பட்டம் நிச்சயம்" என்று சொல்லும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அவருக்கு 90க்கும் மேல் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கொடுக்கலாம். ஆனால் தெரிந்தே கொடுங்கள்.

டிராவைப் படிப்பது

டிரா, அதாவது யார் யாரோடு எந்தச் சுற்றில் மோதலாம் என்னும் பட்டியல், வெளியாகும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. மொத்தம் 128 பேர், அதில் முன்னணியில் உள்ள 32 பேருக்கு சீட், அதாவது தரவரிசையை ஒட்டிய வரிசை எண். சீட் பெற்றவர் இன்னொரு சீட்டை மூன்றாவது சுற்றுக்கு முன் சந்திக்க முடியாது. முதல் எட்டு சீட்டுகளுக்கு மூன்றாவது சுற்றில் 25 முதல் 32 வரையுள்ள ஒருவர் வரலாம். நான்காவது சுற்றில் 1-4க்கு எதிரே 13-16, 5-8க்கு எதிரே 9-12. முதலிரண்டு சீட்டுகளும் இறுதிப் போட்டியில் மட்டுமே மோத முடியும்.

வளரும் வீரருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. 2025 ஆஸ்திரேலிய ஓபனில் 18 வயது ஃபொன்சேகா தகுதிச்சுற்று தாண்டி வந்தவர். முதல் சுற்றிலேயே ஒன்பதாம் சீட் ருப்லெவ் எதிரே நின்றார். மூன்று நேர் செட்டில் ஜெயித்தும் விட்டார். அதனால் பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும்தான்: பையனுக்கு முதல் பெரிய ஆள் எந்தச் சுற்றில் வருகிறார், அந்தப் பெரிய ஆளுக்குச் சூடு பிடிக்க அதற்கு முன் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது. நட்சத்திரங்களை வீழ்த்த முதல் வாரம்தான் தோது. இரண்டாம் வாரத்தில் அவர்கள் வேறு ஆட்கள்.

தரவரிசை என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

தரவரிசை கடந்த 52 வாரக் கணக்கு. ஆண்கள் பிரிவில் கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2000 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 1300, அரையிறுதியில் தோற்றவருக்கு 800, காலிறுதிக்கு 400. முதல் சுற்றில் தோற்றால் 10. சென்ற ஆண்டு சாம்பியன் இந்த ஆண்டு காலிறுதியில் தோற்றால் நிகரமாக 1600 புள்ளி காணாமல் போகும். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. 2022 விம்பிள்டனுக்குப் புள்ளிகளே வழங்கப்படவில்லை. பட்டம் வென்ற ஜோகோவிச் மறுநாள் தரவரிசையில் மூன்றிலிருந்து ஏழுக்கு இறங்கினார். இப்படி ஒரு கூத்து நடந்த பட்டியலை வைத்துக்கொண்டு "ஆள் இறங்கிவிட்டார்" என்று வாதாடக் கூடாது.

வளர்பவரின் புள்ளிகள் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். கீழ்மட்டத் தொடரான சேலஞ்சர் போட்டிகளில் சேர்த்த புள்ளியும், கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் உள்ள மாஸ்டர்ஸில் சேர்த்த புள்ளியும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். சேலஞ்சரில் மூன்று செட் ஆட்டம், இரண்டை வென்றால் போதும். ஆண்கள் கிராண்ட் ஸ்லாமில் ஐந்து செட் ஆட்டம், மூன்றை வெல்ல வேண்டும். 20 வயது வரை உள்ளவர்களுக்கான நெக்ஸ்ட் ஜென் இறுதிப் போட்டியில் ஒரு செட்டே நான்கு கேம்தான். அங்கே கலக்கியவர் ஐந்து செட் தாங்குவாரா என்பதற்கு அந்த முடிவுகள் சாட்சியாகாது.

நேருக்கு நேர் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். தரை, செட் எண்ணிக்கை, காயம் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். 2024 விம்பிள்டன் இறுதியில் அல்கராஸ் ஜோகோவிச்சை 6-2, 6-2, 7-6 என்று துவைத்தெடுத்தார். மூன்றே வாரம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் ஜோகோவிச் 7-6, 7-6. முன்னது புல் தரை, ஐந்து செட். பின்னது களிமண், மூன்று செட். "1-1" என்று பட்டியலில் இருப்பதை மட்டும் பார்த்தவருக்கு இதில் எதுவும் தெரியாது.

ஐந்து செட் என்னும் சல்லடை

ஆண்கள் கிராண்ட் ஸ்லாமில் வாதம் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 40 சதவீதம் உள்ளவர் மூன்று செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 35, ஐந்து செட்டில் 32. செட்டுக்கு 30 சதவீதம் என்றால் 22, 16. ஆட்டம் நீள நீள, பலம் குறைந்தவருக்கு இடம் சுருங்கும். காகிதக் கணக்கு இது. உடம்பையும் மனதையும் சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

2021 பிரெஞ்சு ஓபனில் 19 வயது முசெட்டி முதல் இரண்டு செட்டையும் டைபிரேக்கில் (6-6 ஆனபின் ஆடும் முடிவு கேம்) ஜோகோவிச்சிடமிருந்து பறித்தார். அடுத்து 1-6, 0-6, ஐந்தாவது செட்டில் 0-4 என்று பின்தங்கி நிற்கும்போது விலகிவிட்டார். 2022 விம்பிள்டன் காலிறுதியில் அதே ஜோகோவிச்சுக்கு எதிராக இளம் சின்னருக்கும் இரண்டு செட் முன்னிலை இருந்தது. கடைசி மூன்றும் 3-6, 2-6, 2-6. எனவே வளரும் வீரர் இரண்டு செட் முன்னிலை பெற்றதும் பட்டாசு வெடிக்காதீர்கள். மூன்றாவது செட்டின் முதல் மூன்று கேம்களைப் பாருங்கள். செட் இடைவெளியில் உடை மாற்றிவிட்டுத் திரும்பும் மூத்தவர் முதல் சர்வ் கேமை எளிதாகப் பிடித்து, அடுத்த கேமில் ஒவ்வொரு ரிட்டர்னையும் கோட்டின் அருகே ஆழமாகப் போடத் தொடங்கினால், ஆட்டம் கை மாறுகிறது.

தசைப்பிடிப்பு தனிக் கதை. அதற்கு மருத்துவ இடைவேளை கிடையாது. பக்கம் மாறும் நேரத்தில் மட்டுமே சிகிச்சை. அதற்கு முன் வேண்டுமென்றால், அந்த நேரம் வரும்வரை உள்ள புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். 2023 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் அல்கராஸுக்கும் ஜோகோவிச்சுக்கும் ஆளுக்கு ஒரு செட், மூன்றாவது செட் 1-1. அல்கராஸின் கால் இறுகியது. ஒரு கேமை அப்படியே பறிகொடுத்துத்தான் உட்கார்ந்தார். பிறகு 6-1, 6-1 என்று ஜோகோவிச் ஆட்டத்தை முடித்தார். அல்கராஸுக்கு 20 வயது, எதிரே ஜோகோவிச்சுக்கு 36. பதற்றம்தான் காரணம் என்று அல்கராஸே சொன்னார். வயது குறைந்தால் தாங்குதிறன் அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்கலாம். அடுத்த மாதமே விம்பிள்டன் இறுதியில் அதே எதிராளியை 4 மணி 42 நிமிடத்தில், ஐந்து செட்டில் வென்றார் என்பதும் உண்மை. ஐந்து வாரத்தில் அவர் தசை மாறிவிடவில்லை.

ஆட்டம் ஓடும்போது

திரையில் வரும் எண்களில் மூன்றைக் கவனித்தால் போதும். ஒன்று, இரண்டாவது சர்வில் வென்ற புள்ளி: 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் நின்றால், ஸ்கோர் சமமாக இருந்தாலும் அவர் நெருக்கடியில் இருக்கிறார். இன்னொன்று, உருவாக்கிய பிரேக் பாயின்ட் எண்ணிக்கை, அதாவது எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கக் கிடைத்த வாய்ப்புகள். எத்தனையைப் பயன்படுத்தினார் என்பதில் அதிர்ஷ்டம் நிறைய கலந்திருக்கும். எத்தனை உருவாக்கினார் என்பதில் குறைவு. 2024 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் சின்னருக்கு எதிராக ஜோகோவிச்சுக்கு நான்கு செட்டிலும் ஒரு பிரேக் பாயின்ட்கூட வரவில்லை. தலைமுறை மாறுகிறது என்று அன்று சொன்னவர்களிடம் நல்ல சான்று இருந்தது. மூன்றாவது, 4-4, 30-30 மாதிரி இடங்களில் முதல் சர்வ் உள்ளே விழுகிறதா என்பது. இதற்குத் தனி எண் காட்ட மாட்டார்கள், நீங்களே காகிதத்தில் கோடு போட வேண்டும். தானாகச் செய்த தவறுகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். எது தானாகச் செய்தது, எது எதிராளி செய்ய வைத்தது என்பது குறிப்பவரின் கையில் இருக்கிறது.

வென்ற மறுநாள்

பெரிய ஆளைச் சாய்த்தவர் அடுத்த சுற்றில் யாரிடம் தோற்பார் என்று யோசிப்பதே அனுபவசாலியின் வேலை. 2001 விம்பிள்டனில் 19 வயது ஃபெடரர், அங்கே தொடர்ந்து 31 ஆட்டம் வென்றிருந்த சாம்ப்ராஸை ஐந்து செட்டில் வீழ்த்தினார். அடுத்த ஆட்டத்தில் ஹென்மனிடம் தோற்றார். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் ருப்லெவை வென்ற ஃபொன்சேகாவும், அதிகாலை மூன்று மணியை ஒட்டி மெத்வதேவை வென்ற லேர்னர் டியனும் கடைசியில் ஒரே ஆளிடம்தான் விழுந்தார்கள்: சீட்கூட இல்லாத சொனேகோ. சொனேகோ மாதிரி ஆட்களை டிராவில் வட்டமிட்டு வையுங்கள்.

களைப்பை வயதோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் 21 வயது நடால், மோயாவை ஏறக்குறைய நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியில் யூஷ்னியிடம் 0-6, 1-6.

இந்தச் சூத்திரங்களை உடைத்தவர் ராடுகானு. 2021 அமெரிக்க ஓபனில் தகுதிச்சுற்றிலிருந்து பத்து ஆட்டம், ஒரு செட்டும் இழக்காமல் பட்டம். பெண்கள் பிரிவில் மூன்று செட் என்பதால் சல்லடையின் கண் கொஞ்சம் பெரிது. அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

மூத்தவர் முடிந்துவிட்டார் என்று எழுதுவதற்கு முன், எந்தச் சுற்றில் யாரிடம் தோற்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். சாம்ப்ராஸ் 2002 விம்பிள்டனில் இரண்டாம் சுற்றில், தரவரிசையில் 145ஆம் இடத்தில் இருந்த பாஸ்டலிடம் தோற்றார். இரண்டு மாதம் கழித்து 31 வயதில், 17ஆம் சீட்டாக அமெரிக்க ஓபனை வென்றார். வழியில் 20 வயது ராடிக்கை மூன்று நேர் செட்டில் அனுப்பிவைத்தார். 2025இல் ஜோகோவிச்சின் கதை நேர்மாறு. நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் அரையிறுதிக்கு வந்தார். அந்த நான்கு அரையிறுதியிலும் ஒரு செட்கூட எடுக்கவில்லை. கீழே இருப்பவர்களிடம் அவர் தோற்கவில்லை, மேலே இருந்த சின்னர், அல்கராஸ் இருவரை ஐந்து செட்டில் தாண்ட முடியவில்லை, மெல்போர்னில் காலும் ஒத்துழைக்கவில்லை. அப்படிப்பட்டவருக்குக் காலிறுதி வரை தாராளமாகவும் அதற்கு மேல் கஞ்சத்தனமாகவும் எண் கொடுங்கள். எண்ணை முதல் சுற்று தொடங்குவதற்கு முன்பே தேதியோடு எழுதி வையுங்கள், பிறகு திருத்தாதீர்கள்.