பார்க்க ஒரே மாதிரி இரண்டு பான்டூன் படகு: எதை எடுப்பது?

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரியில் ஐஸ் உருகியதும் பழைய பான்டூன் படகுகள், அதாவது நீளமான உலோகக் குழாய்கள் மிதக்க, அவற்றின் மேல் தட்டையான தளம் போட்ட படகுகள், விற்பனைக்கு வரிசை கட்டும். அதில் இரண்டைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: இரண்டும் 22 அடி, அதே எல் வடிவ சோபா, அதே துணிக்கூரை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சோபாவில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1950-களின் தொடக்கத்தில் இதே மாநிலத்தின் ரிச்மண்ட் ஊர்ப்பக்கம் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்பு டிரம்களின் மேல் பலகை அடித்து ஏரியில் விட்டாரே, அன்றிலிருந்து இந்தப் படகில் விஷயமெல்லாம் தளத்துக்குக் கீழேதான்.

முதல் படி: டிரெய்லரில் நிற்கும்போதே குனிந்து குழாய்களை எண்ணுங்கள். இரண்டு குழாய், 90 ஹெச்.பி. இன்ஜின் என்றால் ஆறேழு பேர் சாவகாசமாகச் சுற்றவும் தூண்டில் போடவும் தாராளம். பிள்ளைகளை ரப்பர் டியூபில் உட்காரவைத்துப் படகின் பின்னால் இழுக்கணும், மினடோங்கா மாதிரி பெரிய ஏரியில் வார இறுதி அலைக்கு நடுவே போகணும் என்றால் மூன்று குழாயும் 150 ஹெச்.பி.யும் உள்ளதை எடுங்கள். மூன்றாவது குழாய் முழு நீளத்துக்கு ஓடுகிறதா, பாதியோடு நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். மூன்று குழாய்க்கு எடையும் பெட்ரோல் செலவும் கூடும், அதனால் தேவையில்லாமல் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

இரண்டாவதுதான் முக்கியம். குழாயின் பக்கவாட்டில் பாசியும் அழுக்கும் படிந்து ஒரு கோடு விழுந்திருக்கும், தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கான கோடு. இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நான்கு விரல் உயரமாக இருந்தால் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கலாம், பாரம் ஒரு பக்கமாக இருந்ததாலும் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். குழாயின் அடியில் திருகு மூடி இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் இங்கத்துக் குளிரில் உறைந்து விரிந்தால் வெல்டிங்கையே பிளந்துவிடும், அதைச் சரிசெய்யும் செலவில் புதுசாக சோபாவே போட்டுவிடலாம்!

அடுத்து தரை. கார்பெட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பிளைவுட்தான். வாசல் கதவு ஓரத்திலும் இன்ஜின் பக்கமும் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். கால் அமுங்கினால் பலகை ஊறிவிட்டது.

அப்புறம் இன்ஜின். கீழ்ப்பகுதி கியர் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்தப் படகை விட்டுவிடலாம். ஓடும்போது பின்னால் சின்னத் தாரையாகத் தண்ணீர் இடைவிடாமல் பீய்ச்ச வேண்டும்.

கடைசியாக, காலிப் படகை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள், வீட்டு ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். பிடித்திருந்தால் பணம் கொடுக்கும் முன், பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் வலது ஓரமாக இருக்கும் படகின் அடையாள எண் (எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 12) படகின் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். டிரெய்லருக்கான பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள்.