ஷவர் சுவரில் டைல்ஸுக்குப் பின்னால் என்ன போடுவது?

டைல்ஸ் கடையில் அரை நாள் நின்று நிறம் பார்ப்பவர்கள், பின்னால் வரும் சுவரைப் பற்றிக் கேட்பதே இல்லை. பாத்ரூம் வேலை எடுத்துச் செய்கிறவனாகச் சொல்கிறேன்: டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரவுட் தண்ணீரை முழுசாகத் தடுக்காது. உள்ளே போகிற ஈரத்தைத் தாங்குகிற சுவர் வேண்டும்.

செங்கல் சுவர் என்றால் சிமென்ட் பூச்சே போதும். வழவழவென்று தேய்க்காமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். ஜிப்சம் பூச்சு ஷவர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

எடை கூடாதென்று இரும்பு ஃபிரேமில் தடுப்பு கட்டினால் சிமென்ட் போர்டு வாங்குங்கள். கடையில் பச்சை நிற ஜிப்சம் போர்டைக் காட்டுவார்கள். வாஷ்பேசின் பக்கத்துக்கு அது சரி, நேரடியாகத் தண்ணீர் விழும் இடத்துக்கு ஆகாது. பிளைவுட்டும் அப்படியே. போர்டுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் விட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு, இணைப்பில் ஃபைபர் மெஷ் டேப் ஒட்ட வேண்டும்.

எந்தச் சுவரானாலும் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட், ஷவருக்கு மேலே வரை. சுவரும் தரையும் சேரும் மூலையில் டேப் வைத்துப் பூசுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். குழாய் வெளியே வரும் ஓட்டையைச் சுற்றியும் விடாதீர்கள்.